பின்னணி இரைச்சல் நீக்கப்பட்டது

அன்பு மகள் இன்ஸ்பெக்டரம்மாவுக்கு அப்பா எழுதுவது.

கவரைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறாதே. எல்லாரும் இருந்த இடத்தில் இருந்தபடியே இருக்கிறோம். போனில் சொல்லலாம் என்றால் நீ எப்போதும் மீட்டிங்கில் இருக்கிறாய். மெசேஜ் அனுப்பினால் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். கூரியர்க்காரர் பெல் அடித்தால் எழுந்து வந்து கையெழுத்துப் போட்டுத்தானே ஆக வேண்டும், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. அதுவுமில்லாமல் நான் போனில் பேசினால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என் வாயையே பார்க்கிறாள். பேச்சுப் போனதிலிருந்து அவளுக்குக் காது நன்றாகத் தீட்டி வைத்த மாதிரி ஆகிவிட்டது. ஆகவே கடையில் உட்கார்ந்து, உயிர் போன ஒரு வாஷிங் மெஷின் மேல் பேப்பரை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பழி மெஷினுக்கு.

அம்மா உடம்புக்குக் குறை ஒன்றுமில்லை. தொண்டையில் தையல் போட்ட இடம் நன்றாக ஆறிவிட்டது. விழுங்குவதில் சிரமமில்லை. ஒரு வருஷச் செக்கப்பில் டாக்டர் அவள் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் அருமையாக வந்திருக்கிறது என்று தன்னைத் தானே பாராட்டிக்கொண்டார். பேச்சு மட்டும் வராது என்பதை ஏதோ வண்டி ஓடும், ஹாரன் மட்டும் அடிக்காது என்பதைப் போலச் சொன்னார். நீ வாங்கி அனுப்பிய எழுதி அழிக்கும் சிலேட்டைக் கழுத்தில் மாட்டாத குறையாகத் தூக்கிக்கொண்டு அலைகிறாள். மற்றதெல்லாம் தட்டுத்தான். மேஜையில் ஒரு தட்டு தட்டினால் சரி என்று அர்த்தம். இரண்டு தட்டு தட்டினால் திரும்பச் செய் என்று அர்த்தம். பாட்டு வகுப்பில் உங்களையெல்லாம் ஆட்டி வைத்த அதே இரண்டு தட்டு. இப்போது அந்த வகுப்பில் நான் ஒருவன்தான் மாணவன். காலையில் காபி மூன்று முறை போட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

அம்மாவின் பாட்டு வகுப்புக் கேசட்டுகளைப் பல்கலைக்கழக இசை நூலகத்துக்குக் கொடுக்கலாம் என்று நீ சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமை. செருப்பு டப்பாக்களில் கிடந்து பூஞ்சை பிடித்தவை. அதைப் போய்ப் பல்கலைக்கழகம் கேட்கிறது என்றால் சும்மாவா? படிவமெல்லாம் நீயே அங்கிருந்து அனுப்பினாய், அவர்கள் வந்து எடுத்துப் போனார்கள். போன வாரம் கடிதம் போட்டார்கள். "புதிய தொகுப்புகள்" என்று இணையத்தில் ஒரு பக்கம் திறந்திருக்கிறார்களாம், அதில் அம்மாவுடையதும் ஒன்றாம், வீட்டிலிருந்தே கேட்கலாமாம்.

வீட்டிலிருந்தே கேட்கலாம் என்று எழுதியவரை ஒரு நாள் என் வீட்டில் உட்கார வைத்துக் கேட்கச் சொல்ல வேண்டும். முதலில் பாஸ்வேர்டு. நான் எதைப் போட்டாலும் பலம் போதாது என்றது. வயசாகிவிட்டது, பலம் எங்கிருந்து வரும். அப்புறம் நான் இயந்திரம் இல்லை என்று நிரூபிக்கச் சொன்னது. அம்மா சிலேட்டில் "கஷ்டம்தான்" என்று எழுதிக் காட்டினாள். அதையும் தாண்டிப் போனால் நீ யார் என்று கேட்டது. மாணவர், ஆசிரியர், ஆராய்ச்சியாளர், மற்றவர். நான் மற்றவரைத் தொட்டேன். மற்றவர்களுக்கு அனுமதி இல்லை, நேரில் வரவும் என்றது. அம்மாவுக்குத் தாலி கட்டியவன், அவள் வகுப்புக்கு எத்தனையோ வருஷம் பாய் விரித்து வைத்தவன், நான் மற்றவர்!

சரி, மற்றவர் நேரிலேயே போவோம் என்று நேற்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல கட்டடம்தான். நடக்கிற சத்தம்கூடக் கேட்காத தரை. கண்ணாடி போட்ட ஓர் இளம் நூலகர், தங்கமான பெண், எங்களைக் கேட்கும் அறைக்குக் கூட்டிப் போனாள். குளியலறை அளவு அறை. ஒரு நாற்காலி, ஒரு திரை, ஒரு ஹெட்போன். அம்மாவை உட்கார வைத்தோம். திரையில் அவள் பெயர் முழுசாக வந்தது. கீழே "பெண் குரல். வீட்டுப் பாடம். பின்னணி இரைச்சல் நீக்கப்பட்டது" என்று போட்டிருந்தது. ஆகா, எவ்வளவு அக்கறையாகச் செய்திருக்கிறார்கள் என்று நான் நினைத்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

அம்மா கேட்டாள். முதலில் முகம் மலர்ந்தது. கொஞ்ச நேரத்தில் புருவம் சுருங்கியது. ஹெட்போனைக் கழற்றி அதற்குள் எட்டிப் பார்த்தாள். மறுபடி மாட்டினாள். மறுபடி கழற்றினாள். அப்புறம் சிலேட்டில் "நடுவில் இல்லை" என்று எழுதினாள்.

மகளே, பிரிட்ஜும் மிக்சியும் ரிப்பேர் பார்த்தே காலம் தள்ளியவனிடம் நடுவில் இல்லை என்று சொன்னால் அவன் என்ன நினைப்பான்? லூஸ் கனெக்‌ஷன் என்றுதான் நினைப்பான். நான் வாங்கிக் காதில் வைத்தேன். எனக்குப் பாட்டு நன்றாகத்தான் கேட்டது. ஆனால் அம்மாவின் காது வேறு, என் காது வேறு என்பது நம் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்ததுதானே. ஆகவே சட்டைப் பையிலிருந்த திருப்புளியை எடுத்து ஹெட்போனைக் கழற்றினேன். அதற்குள் இருந்த திருகாணி ஒவ்வொன்றும் எறும்புத் தலை அளவு. ஒன்று கீழே விழுந்து உருண்டது. நான் மேஜைக்கடியில் தவழ்ந்துகொண்டிருந்தபோது காவலாளி வந்தார்.

அப்புறம் நடந்ததை விரிவாக எழுதவில்லை. மரியாதையாகத்தான் வெளியே அனுப்பினார்கள்.

பஸ்ஸில் அம்மா ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். பாட்டு நல்லாத்தானே இருந்தது என்று கேட்டேன். ஒரு தட்டு. அப்புறம் என்னதான் குறை என்றேன். சிலேட்டை எடுத்து எழுதினாள்.

"நான் எங்கே?"

நீதானே பாடுகிறாய் என்றேன். இல்லை என்று தலையை ஆட்டி, வாயைத் திறந்து விரலால் உதட்டுக்கு முன்னால் சுற்றிக் காட்டினாள். அப்போதுதான் என் மரமண்டைக்கு எட்டியது. அவள் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் பேசுவாளே. அடுத்த வரி வா, முதுகை நிமிர்த்து, மூச்சை எங்கே விட்டாய், யாரங்கே கொட்டாவி விடுவது என்று. எனக்கும் பங்கு உண்டு. ஏங்க, அந்த மிஷினை நிறுத்தறீங்களா இல்ல நான் வந்து நிறுத்தட்டுமா என்று. அது ஒரு வார்த்தைகூட இல்லை. எல்லாவற்றையும் வழித்துத் துடைத்துவிட்டு வெறும் பாட்டை வைத்திருக்கிறார்கள். பின்னணி இரைச்சல் என்று அவர்கள் சொன்னது அதைத்தான். என் டிரில்லிங் மெஷினை நீக்கட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. அம்மா பேச்சை நீக்க இவர்கள் யார்? அவள் பேச்சு இனிமேல் வேறு எங்கே இருக்கிறது? நம் வீட்டில் யாராவது அதைத் தனியாகப் பதிவு பண்ணி வைத்தோமா? திட்டைப் போய் யார் பதிவு பண்ணுவார்கள்.

ஆகவே நீ உடனே நல்ல இங்கிலீஷில், காரமாக, அந்த நூலகத்துக்கு ஒரு மெயில் போடு. சின்ன வயசில் பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை வாசலில் நிறுத்தினால்கூட இடுப்பில் கை வைத்து விசாரித்தவள் நீ. அந்த இன்ஸ்பெக்டர் குரலை இப்போது காட்டு. நான் எழுதலாம் என்றால் என் இங்கிலீஷ் பிரிட்ஜ் பின்பக்கம் எழுதியிருக்கிற அளவுக்குத்தான்.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்புகளைச் சொல். வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன் அப்பா
(பல்கலைக்கழகப் பதிவின்படி, மற்றவர்)


*


அன்பு மகளுக்கு,

என் கடிதம் கிடைத்து நீ "பார்க்கிறேன்ப்பா" என்று ஒற்றை வார்த்தை அனுப்பியபோதே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். என் மகள் ஒரு வார்த்தையில் நிறுத்துகிற ஆளா? உறுத்தவில்லை. நான் அதை நம்பி, இன்ஸ்பெக்டரம்மா அங்கே ரெய்டுக்குப் புறப்பட்டுவிட்டாள் என்று அம்மாவிடம் வேறு சொன்னேன்.

நேற்று மறுபடி நூலகம் போனோம். ஹெட்போனுக்கு மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று கிளம்பினேன். அம்மாவும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அவளை நிறுத்த யாரால் முடியும்?

மன்னிப்பு எல்லாம் வாசல் தாண்டும் வரைதான் இருந்தது. நூலகரைப் பார்த்ததும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. எதை வெட்ட வேண்டும், எதை வைக்க வேண்டும் என்று தெரியாதவர்கள் கையில் எதற்குக் கத்தரிக்கோல், எங்களை ஒரு வார்த்தை கேட்டீர்களா, இதுதான் படித்தவர்கள் செய்கிற வேலையா என்று மூச்சு விடாமல் பொரிந்துகொண்டே போனேன். சுற்றிலும் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள். நூலகர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"முதல்ல மூச்சு விடுங்க. மூச்சை வீட்டுலயே மறந்து வச்சிட்டு வந்தாச்சா?"

அது அம்மா வகுப்பில் சொல்லும் வார்த்தை. வார்த்தை மட்டுமில்லை. அந்த இழுப்பு, கடைசியில் கொஞ்சம் தூக்கி நிறுத்துகிற அந்த எகத்தாளம், எல்லாம் அம்மா! திரும்பிப் பார்த்தேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்குகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

நூலகர் முகம் சிவந்துவிட்டது. மன்னிச்சிடுங்க சார் என்றாள். மழைக்காலம் முழுக்க அம்மாவின் கேசட்டுகளோடுதான் உட்கார்ந்திருந்தாளாம். பேச்சை வெட்ட வேண்டுமானால் முதலில் அதைக் கேட்டாக வேண்டுமே. கேட்டுக் கேட்டு அதே பேச்சு அவள் நாக்கில் ஒட்டிக்கொண்டதாம். வீட்டுக்காரரைக்கூட இப்போது அப்படித்தான் திட்டுகிறாளாம். பாவம், அந்த மனுஷன் எந்த ஊர்ப் பாவத்தைச் செய்தாரோ.

அம்மா மேஜையில் இரண்டு தட்டுத் தட்டினாள். நூலகர் புரியாமல் என்னைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவளுக்குப் புரிந்தது. கேசட்டில்தான் அந்தத் தட்டையும் கேட்டிருக்கிறாளே. கூச்சத்தோடு அதே வார்த்தையைத் திரும்பச் சொன்னாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மறுபடி இரண்டு தட்டு. மறுபடி சொன்னாள். பின்னால் வரிசையில் நின்ற பிள்ளை ஒன்று புத்தகத்தை அணைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தது.

அப்புறம்தான் நான் கேட்டேன், இவ்வளவு பிடித்தும் ஏனம்மா வெட்டினாய் என்று. அவள் திரையை ஒரு பார்வை பார்த்தாள், அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு மெதுவாகச் சொன்னாள். கொடுத்தவர் விருப்பம் சார். பாட்டு மட்டும் போதும், பேச்சு ஒரு வார்த்தைகூட இருக்கக் கூடாது என்று கொடுக்கும்போதே எழுதிக் கேட்டிருந்தாங்க.

யார் கொடுத்தவர் என்று நான் கேட்டேன் பார், என்னைப் போல ஒரு முட்டாள் உண்டா.

உங்க மகள்தான் சார் என்றாள்.

அம்மா சிலேட்டைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். அவ்வளவுதான் செய்தாள். வீடு வந்து சேரும் வரை அதைத் திறக்கவில்லை. கோபமாக இருந்தால் தட்டியிருப்பாள். தட்டவுமில்லை.

எனக்குக் கோபம்தான். மறைக்கவில்லை. ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருந்தால் நான் ஹெட்போனைப் பிரித்துக்கொண்டு மேஜைக்கடியில் தவழ்ந்திருப்பேனா? அந்தப் பெண்ணைப் பத்துப் பேர் முன்னால் திட்டியிருப்பேனா? வேறு யாரோ வெட்டினார்கள் என்றால் சண்டை போடலாம். நீ என்றால் நான் யாரிடம் போவது?

காரணம் எனக்குத் தெரியாமலில்லை. உன் பதினாறு வயசுக் கேசட்டும் அந்த டப்பாவில் இருந்தது. நான் பக்கத்து அறையில் யாரோ கொடுத்த மிக்சியைப் பிரித்து வைத்திருந்தேன். நீ ஒரே வரியைப் பாடுகிறாய், அம்மா தட்டுகிறாள், பாடுகிறாய், தட்டுகிறாள். கடைசியில் அவள், உனக்குப் பாட்டு வராது, எழுந்து போ என்றாள். நீ எழுந்து போனாய். அப்புறம் அந்தப் பாயில் நீ உட்காரவேயில்லை. கணக்குப் படித்தாய், ராங்க் வாங்கினாய், பறந்து போனாய். எல்லாம் நல்லதுக்குத்தான். ஆனாலும் அந்த ஒரு வரி உனக்குள் எங்கேயோ முள்ளாக நிற்கிறது என்பது இந்தப் படிக்காத அப்பனுக்கும் தெரியும். அம்மா பாட்டுப் போட்டிருக்கும்போது நீ ஏதாவது சாக்குச் சொல்லி மொட்டைமாடிக்குப் போவாயே.

ஆனால் நடப்பைச் சொல்லிவிடுகிறேன், கேட்டுக்கொள். கேசட்டுகள் போய்விட்டன. பூஞ்சை பிடித்த நாடா ஒரே முறைதான் ஓடியதாம், ஓடி முடித்ததும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டதாம். அந்த ஒரு ஓட்டத்தில் எல்லாவற்றையும் முழுசாகக் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்திருக்கிறார்கள். பேச்சு, தட்டு, என் டிரில்லிங் மெஷின், எல்லாம் அதில் இருக்கிறது. அதிலிருந்துதான் பாட்டை மட்டும் நறுக்கி இணையத்தில் போட்டார்கள். அடுத்த மாதம் வேறு புதிய தொகுப்புகள் வருகின்றன, இடம் வேண்டும். ஆகவே இந்த மாதக் கடைசியில் முழுப் பதிவை அழித்துவிடுவார்களாம். இப்போது கேட்கலாமா என்றால் அதுவும் கூடாது. வைக்கச் சொல்ல வேண்டுமானாலும், எங்களைக் கேட்க விட வேண்டுமானாலும், கொடுத்தவர் சொல்ல வேண்டும். நான் கெஞ்சிப் பார்த்தேன். சார், நீங்க... என்று இழுத்தாள். மற்றவர், தெரியும் என்று நானே முடித்து வைத்தேன்.

பதில் போடு. கட்டைவிரல் வேண்டாம்.

அப்பா


*


அன்பு மகள் இன்ஸ்பெக்டரம்மாவுக்கு ஆயிரம் ஆசிகள்.

உன் மெசேஜ் வந்தது. இவ்வளவு நீளமாக நீ எனக்கு எழுதியதே இல்லை. தள்ளித் தள்ளிப் படித்ததில் என் விரல் வலித்தது. வலிக்கட்டும்.

உன் பக்க நியாயம் எனக்குப் புரிகிறது. இணையத்தில் போட்டால் உலகமே கேட்கும், பிள்ளைகளை இப்படித் திட்டுகிறாளே என்று முன்பின் தெரியாதவர்கள் அம்மாவைப் பற்றி வாய்க்கு வந்ததை எழுதுவார்கள் என்கிறாய். வகுப்பில் திட்டு வாங்கிய பெண்களெல்லாம் இன்று பெரிய மனுஷிகளாக இருக்கிறார்கள், அவர்கள் சங்கடப்படுவார்கள் என்கிறாய். குரல் போன அம்மாவை எல்லாரும் நல்ல பாடகியாகவே ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்கிறாய். கடைசியில், எனக்கு அதைக் கேட்கிற தைரியம் இல்லைப்பா, கேட்கச் சொல்லாதீங்க என்று எழுதியிருக்கிறாய். முதலில் எழுதிய காரணங்களை நான் ஒரு முறை படித்தேன். கடைசி வரியைப் பல முறை படித்தேன்.

அம்மாவிடம் காட்டாதீங்க என்றும் எழுதியிருந்தாய். அதை நான் படிக்கும் முன்பே அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று முழுசாகப் படித்துவிட்டாள். அவளுக்குப் பார்வையும் கூர்மையாகிவிட்டது என்பதை உனக்கு எழுத மறந்தேன்.

படித்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். ஏதோ பாத்திரத்தைத் தேய்த்தாள். எது என்று பார்த்தால் ஏற்கனவே தேய்த்துக் கவிழ்த்து வைத்தது. அப்புறம் ஈரக் கையோடு வந்து சிலேட்டில் எழுதி என் முன்னால் வைத்தாள்.

"பாட்டு யாரோ எழுதினது. திட்டு மட்டும்தான் என்னுது."

அந்தச் சிலேட்டை அப்படியே பிரேம் போட்டு மாட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. அவள் விடவில்லை. பிடுங்கி அழித்துவிட்டு, பால் வாங்கி வரச் சொல்லி எழுதினாள்.

நான் பாலும் வாங்கவில்லை. நேரே நூலகத்துக்குப் போனேன். காவலாளி என் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார், நண்பர்களாகிவிட்டோம். உன் பயத்தை நூலகரிடம் சொன்னேன், அந்தக் கடைசி வரியை மட்டும் சொல்லவில்லை. அவள் மேலதிகாரியிடம் போய்ப் பேசிவிட்டு வந்தாள். இணையத்தில் பாட்டு மட்டும் இப்போது இருக்கிற மாதிரியே இருக்கட்டுமாம். முழுப் பதிவை உலகத்துக்குத் திறக்காமல் பூட்டி வைக்கலாமாம். நேரில் போய், அந்தக் குளியலறை அறையில், குடும்பத்தார் மட்டும் கேட்கலாம். உன் கேசட்டை மட்டும் தனியாகப் பூட்டி, நீ வந்தால் மட்டும் திறக்கச் சொன்னாலும் செய்வார்களாம். அதற்கு உன் சம்மதம் வேண்டும். உனக்கு மெயில் அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். திறந்து, சம்மதம் என்கிற இடத்தில் தொட்டால் போதும். பாஸ்வேர்டுகூடக் கேட்காதாம். என் மேல் இரக்கப்பட்டு உனக்குச் சலுகை.

மாதம் முடியப் போகிறது, ஞாபகம் வைத்துக்கொள்.

இன்னொன்றும் உண்டு. இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் காலையிலிருந்து ஒரு பிரிட்ஜ் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன்.

நீ போன் பண்ணும்போது நான் அம்மா கையில் போனைக் கொடுக்கிறேன் அல்லவா. ரெஸ்ட் எடுங்கம்மா, உடம்பைப் பார்த்துக்கோங்க என்று சொல்லிவிட்டு நீ வைத்துவிடுகிறாய். பதில் வராத போனில் பேசுவது சுலபமில்லை, உன்னைக் குறை சொல்லவில்லை. நடுவில் டொக் டொக் என்று ஏதோ சத்தம் வருகிறது, லைன் சரியில்லைப்பா என்று போன மாதம்கூடச் சொன்னாய். நான் அப்போதே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. லைன் நன்றாகத்தான் இருக்கிறது. அது அம்மாவின் மோதிரம். போனின் முதுகில் தட்டுகிறாள். இரண்டு தட்டு. நீ வைத்த பிறகும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருப்பாள்.

உன் பதினாறு வயசு விஷயத்தை நான் அவளிடம் கிளறவில்லை. நீ எழுதியதைப் படித்தவள் தானாகவே அதற்கு வந்துவிட்டாள். வருத்தம் தெரிவிப்பாள் என்று நானும் ஓரமாக எதிர்பார்த்தேன், அப்பன் புத்தி. அவளா தெரிவிப்பாள்? அன்றைக்குச் சுருதி சேரவில்லை, சேரவில்லை என்றேன் என்று எழுதினாள். இப்போதும் அதில் ஒரு எழுத்துக்கூட மாற்றத் தயாரில்லை. அதையும் அழித்துவிட்டாள். நான் கடைக்குக் கிளம்பும்போது சட்டையைப் பிடித்து நிறுத்தி எழுதிக் காட்டினாள்.

"எழுந்து போன்னு சொன்னேன். வராதேன்னு சொன்னேனா?"

இதை உனக்கு எழுதலாமா என்று கேட்டேன். ஒரு தட்டு.

ஆகவே மகளே, மெயிலில் சம்மதத்தைத் தொட்ட கையோடு வீட்டுக்கு ஒரு போன் பண்ணு. என்னோடு பேச வேண்டாம், நான் ஸ்பீக்கரைப் போட்டு அவள் முன்னால் மேஜையில் வைத்துவிட்டுக் கடைக்கு வந்துவிடுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்காதே. மாத்திரை சாப்பிட்டீங்களா என்று கேட்காதே. அந்தப் பழைய வரியை ஒரு முறை பாடு. மாப்பிள்ளை வீட்டில் இருந்தால் குளியலறைக்குள் போய்ப் பாடு. அவள் தட்டுவாள். தட்டினால் திரும்பப் பாடு. இந்த வீட்டில் ஒரு வருஷமாகத் திட்டு வாங்க நான் ஒருவன்தான் இருக்கிறேன், காபியைத் தவிர எனக்கு வேறு பாடமும் தெரியாது.

நீ நீண்ட ஆயுளோடு நிறைவாக இருக்க வேண்டும். இந்த அப்பனுக்காக ஒன்றே ஒன்று மட்டும் செய். தயவுசெய்து முதல் தடவையிலேயே சரியாகப் பாடிவிடாதே.

இப்படிக்கு,
பின்னணி இரைச்சல்